கூட்டமைப்பு வாகையாளர் போட்டி (அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து)

கூட்டமைப்பு வாகையாளர் போட்டி என்பது ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிக் காற்பந்தில், ஒரு கூட்டமைப்பைச் சேர்ந்த பல்கலைக்கழக அணிகளுள் அவ்வாண்டின் வாகையாளரைத் தீர்மானிப்பதற்காகப் பருவத்தின் முடிவில் நடத்தப்படும் ஒற்றை ஆட்டம் ஆகும். இது பெரும்பாலும் டிசம்பர் மாதத்தின் முதல் வார இறுதியில் நடைபெறுகின்றது. முதல் நிலைக் கல்லூரிக் காற்பந்தில் இத்தகைய முதற்போட்டியைத் தென்கிழக்குக் கூட்டமைப்பு 1992 டிசம்பர் 5 அன்று அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் நடத்தியது. அதன் பின்னர் ஏனைய பெரிய கூட்டமைப்புகளும் இம்முறையைப் பின்பற்றின.

கூட்டமைப்பின் வாகையாளர் யார் என்பதை இப்போட்டி ஐயத்திற்கு இடமின்றித் தீர்க்கின்றது. ஆனால் தேசிய வாகைக்கு யார் போட்டியிடுவர் என்பதைத் தரவரிசைகளும் தேர்வுக் குழுவும் முடிவு செய்வதால், வென்ற அணி வாய்ப்பை இழப்பதும் தோற்ற அணி வாய்ப்பைப் பெறுவதும் நிகழ்ந்துள்ளன. இப்போட்டியின் வரலாறு பெரிதும் இந்த முரண்பாட்டின் வரலாறே ஆகும்.

சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் "கான்ஃபரன்ஸ்" எனப்படும் சொல் பொதுவாக மாநாட்டைக் குறிக்கும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அச்சொல், தமக்குள் ஆண்டுதோறும் போட்டியிட உடன்பட்ட பல்கலைக்கழகங்களின் நிலையான அமைப்பைக் குறிக்கின்றது. எனவே இக்கட்டுரையில் அது கூட்டமைப்பு என வழங்கப்படுகின்றது. 1896 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட பிக் டென் கூட்டமைப்பு இவற்றுள் மிகப் பழமையானவற்றுள் ஒன்று. தென்கிழக்குக் கூட்டமைப்பு 1932 இல் நிறுவப்பட்டது. கல்லூரி விளையாட்டுகளுக்கான பொது விதிகளை, 1906 இல் தோன்றிய தேசியக் கல்லூரித் தடகளச் சங்கம் வகுக்கின்றது.

இங்குக் காற்பந்து எனப்படுவது அமெரிக்கக் காற்பந்தாட்டம் ஆகும். தமிழ்நாட்டில் கால்பந்து என்று அறியப்படும் ஆட்டம் அன்று. அணிக்கு 11 பேர் களமிறங்குவர். ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால் பகுதிகளாக நடைபெறும். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெசம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குச் செல்லும். பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டு சேர்ப்பது டச்டவுன் எனப்படும்; அதற்கு 6 புள்ளிகள். அதன் பின் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் ஒன்று அல்லது இரண்டு புள்ளிகள் பெறலாம். கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துச் செலுத்தும் ஃபீல்ட் கோலுக்கு 3 புள்ளிகள். தாக்குதலை வழிநடத்தி, பந்தை எறியும் வீரர் குவாட்டர்பேக் எனப்படுகின்றார்.

பின்னணி

வாகையாளர் போட்டி இல்லாத காலத்தில், கூட்டமைப்பிற்குள் ஆடிய ஆட்டங்களின் வெற்றி தோல்வி விகிதமே வாகையாளரைத் தீர்மானித்தது. எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதுவதற்குப் பருவத்தில் போதிய வாரங்கள் இல்லாத கூட்டமைப்புகளில், இரண்டு அல்லது மூன்று அணிகள் சமநிலையில் முடிப்பதும், அவை வாகையைப் பகிர்ந்துகொள்வதும் வழக்கமாக இருந்தன.

இம்முறையின் குறைபாட்டை 1973 ஆம் ஆண்டு பிக் டென் கூட்டமைப்பில் நிகழ்ந்த சம்பவம் வெளிப்படுத்தியது. அவ்வாண்டு நவம்பர் 24 அன்று, தோல்வியே காணாத ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகமும் மிச்சிகன் பல்கலைக்கழகமும் ஆன் ஆர்பர் நகரில் மோதின. ஆட்டம் 10–10 எனச் சமநிலையில் முடிந்தது. அக்காலத்தில் பிக் டென் அணிகளுள் ஒன்று மட்டுமே பருவத்திற்குப் பிந்தைய ஆட்டமான ரோஸ் பவுலுக்குச் செல்ல முடியும். வேறு பவுல் ஆட்டங்களில் கலந்துகொள்ள அனுமதி இல்லை. செல்ல வேண்டிய அணியைக் கூட்டமைப்பின் விளையாட்டு இயக்குநர்கள் வாக்கெடுப்பின் மூலம் தெரிவு செய்தனர். ஒகையோ மாநிலம் தெரிவாகியது. ஓர் ஆட்டத்திலும் தோற்காத மிச்சிகன், வேறெங்கும் ஆட இயலாமல் பருவத்தை முடித்துக்கொண்டது. ஏனைய பவுல் ஆட்டங்களுக்கான தடையை 1975 இல் பிக் டென் நீக்கியது.

களத்தில் தீராத ஒன்றை அறைக்குள் வாக்களித்துத் தீர்க்க வேண்டியிருந்த இந்நிலைக்கு ஒரு மாற்றாகவே பிற்காலத்தில் வாகையாளர் போட்டி முன்வைக்கப்பட்டது.

1987 விதி

இப்போட்டிக்கு வழி திறந்த விதி பெரிய பல்கலைக்கழகங்களின் கோரிக்கையால் உருவானதன்று. இரண்டாம் நிலையில் ஆடிய பென்சில்வேனியா மாநிலத் தடகளக் கூட்டமைப்பு 14 உறுப்பினர்களைக் கொண்டு, கிழக்கு மேற்கு என இரு பிரிவுகளாக இயங்கியது. இரு பிரிவுகளின் முதல்வர்களும் மோதும் ஆட்டத்தை, ஒரு பருவத்தில் அனுமதிக்கப்பட்ட ஆட்டங்களின் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது என்பது அதன் கோரிக்கை. இதனை ஏற்று 1987 இல் தேசியக் கல்லூரித் தடகளச் சங்கம் விதியொன்றை இயற்றியது. அதன்படி,

- கூட்டமைப்பில் குறைந்தது 12 உறுப்பினர்கள் இருத்தல் வேண்டும்;
- அவர்கள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருத்தல் வேண்டும்;
- ஒவ்வொரு பிரிவிலும் அணிகள் அனைத்தும் ஒன்றோடொன்று ஆடியிருத்தல் வேண்டும்.

இந்நிபந்தனைகளை நிறைவு செய்யும் கூட்டமைப்பு, பருவ எண்ணிக்கைக்கு அப்பால் ஓர் ஆட்டத்தை நடத்திக்கொள்ளலாம். முதல் நிலையைச் சேர்ந்த கூட்டமைப்பு எதுவும் உடனடியாக இவ்விதியைப் பயன்படுத்தவில்லை.

1992: முதற்போட்டி

1990 இல் தென்கிழக்குக் கூட்டமைப்பின் ஆணையராகப் பொறுப்பேற்ற ராய் கிராமர் இவ்விதியைப் பயன்படுத்திக்கொண்டார். அப்போது கூட்டமைப்பில் 10 உறுப்பினர்கள் இருந்தனர். தென்மேற்குக் கூட்டமைப்பிலிருந்து ஆர்கன்சாஸ் பல்கலைக்கழகமும், காற்பந்தில் எக்கூட்டமைப்பையும் சாராதிருந்த தென் கரோலினா பல்கலைக்கழகமும் சேர்க்கப்பட்டு எண்ணிக்கை 12 ஆக்கப்பட்டது. கிழக்குப் பிரிவு, மேற்குப் பிரிவு என ஆறு ஆறு அணிகளாகப் பிரிக்கப்பட்டு, 1992 பருவத்தில் புதிய முறை நடைமுறைக்கு வந்தது.

இத்திட்டத்திற்கு எதிர்ப்பு இருந்தது. வலிமையான அணியொன்று பருவம் முழுவதும் வென்ற பின்னர், மேலும் ஒரு கடினமான ஆட்டத்தில் தோற்றுத் தேசிய வாகையைப் பறிகொடுக்கக்கூடும் என்பதே முதன்மையான வாதம். முதலாண்டிலேயே அவ்வச்சம் மெய்ப்படும் நிலை உருவாகியது. ஜீன் ஸ்டாலிங்ஸ் பயிற்றுவித்த அலபாமா அணி, தோல்வி காணாமல் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்தது. பழைய முறையாக இருந்திருந்தால் அது நேரடியாகச் சுகர் பவுலில் தேசிய வாகைக்கு ஆடியிருக்கும். இப்போதோ, ஸ்டீவ் ஸ்பரியர் பயிற்றுவித்த புளோரிடாவை முதலில் வெல்ல வேண்டியதாயிற்று.

பர்மிங்காமின் லீஜியன் ஃபீல்ட் அரங்கில் நடந்த இவ்வாட்டத்தில், இறுதிக் கால் பகுதியில் இரு அணிகளும் 21–21 எனச் சமநிலையில் இருந்தன. ஆட்டம் முடிய மூன்று நிமிடங்களுக்குச் சற்று அதிகமான நேரமே எஞ்சியிருந்தபோது, புளோரிடாவின் குவாட்டர்பேக் ஷேன் மாத்யூஸ் எறிந்த பந்தை அலபாமாவின் அன்டோனியோ லாங்கம் இடைமறித்துப் பிடித்து, 27 கெசம் ஓடி டச்டவுன் அடித்தார். அலபாமா 28–21 என வென்றது. பின்னர் 1993 சனவரி 1 அன்று சுகர் பவுலில் மயாமியை 34–13 எனத் தோற்கடித்துத் தேசிய வாகையையும் சூடியது.

லாங்கத்தின் அந்த இடைமறிப்பு நிகழாமல் அலபாமா தோற்றிருந்தால், போட்டிக்கு எதிரான வாதம் வலுப்பெற்றிருக்கும். மாறாக, கூடுதல் ஆட்டத்தை வென்ற அணி தேசிய அளவில் மதிப்பு உயர்ந்து நிற்கும் என்பதற்கு முதலாண்டே சான்றாகிவிட்டது. 1994 முதல் இப்போட்டி அட்லான்டாவின் ஜார்ஜியா டோம் அரங்கிற்கும், 2017 முதல் அதே நகரின் மெர்சிடிஸ்-பென்ஸ் அரங்கிற்கும் மாறியது.

ஏனைய கூட்டமைப்புகள்

தென்கிழக்கின் வெற்றியைத் தொடர்ந்து 12 என்னும் எண் பல கூட்டமைப்புகளின் இலக்காகியது. உறுப்பினர்களைச் சேர்ப்பதற்கும் பிற கூட்டமைப்புகளிலிருந்து ஈர்ப்பதற்கும் இது ஒரு காரணமாக அமைந்தது. முதன்மைக் கூட்டமைப்புகளின் முதற்போட்டிகள் வருமாறு:

- தென்கிழக்குக் கூட்டமைப்பு, 1992: அலபாமா 28, புளோரிடா 21
- பிக் 12 கூட்டமைப்பு, 1996: டெக்சாஸ் 37, நெப்ராஸ்கா 27
- அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பு, 2005: புளோரிடா மாநிலம் 27, வர்ஜீனியா டெக் 22
- பிக் டென் கூட்டமைப்பு, 2011: விஸ்கான்சின் 42, மிச்சிகன் மாநிலம் 39
- பசிபிக் 12 கூட்டமைப்பு, 2011: ஒரிகன் 49, லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 31

பிக் 12 கூட்டமைப்பு, முன்னைய பிக் எயிட் கூட்டமைப்பின் எட்டு உறுப்பினர்களும், கலைந்துபோன தென்மேற்குக் கூட்டமைப்பின் நான்கு டெக்சாஸ் பல்கலைக்கழகங்களும் இணைந்து உருவானதாகும். பிக் டென், 2011 இல் நெப்ராஸ்காவைச் சேர்த்து 12 உறுப்பினர்களை எட்டியது. அவ்வாண்டே கொலராடோ, யூட்டா ஆகியவற்றைச் சேர்த்துப் பசிபிக் 10 கூட்டமைப்பு பசிபிக் 12 ஆகியது.

இம்முறையை ஏற்காத கூட்டமைப்புகளும் உண்டு. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்களின் ஐவி லீகில் ஒவ்வோர் அணியும் ஏனைய ஏழு அணிகளுடனும் ஆடுகின்றது. சமநிலை ஏற்படின் வாகை பகிர்ந்துகொள்ளப்படுகின்றது. 2023 இல் ஹார்வர்ட், யேல், டார்ட்மத் ஆகிய மூன்றும் கூட்டு வாகையாளராயின.

பிரிவு முறையின் சிக்கல்கள்

இரு பிரிவுகளின் முதல்வர்களே மோத வேண்டும் என்னும் விதி, கூட்டமைப்பின் மிகச் சிறந்த இரு அணிகள் மோதுவதை உறுதி செய்யவில்லை. இரண்டும் ஒரே பிரிவில் இருப்பின் ஒன்று வெளியில் நிற்க நேரிடும். மற்றப் பிரிவிலிருந்து வலிமை குறைந்த அணி இடம்பெறும்.

2008 இல் பிக் 12 கூட்டமைப்பின் தெற்குப் பிரிவில் டெக்சாஸ், ஒக்லகோமா, டெக்சாஸ் டெக் ஆகிய மூன்றும் ஒரே வெற்றி விகிதத்தில் முடித்தன. டெக்சாஸ் ஒக்லகோமாவை 45–35 என வென்றிருந்தது. டெக்சாஸ் டெக் டெக்சாஸை வென்றிருந்தது. ஒக்லகோமா டெக்சாஸ் டெக்கை வென்றிருந்தது. இவ்வட்டத்தை அவிழ்க்கத் தேசியத் தரவரிசையே பயன்படுத்தப்பட்டது. அதில் முன்னிலை பெற்ற ஒக்லகோமா வாகையாளர் போட்டிக்குச் சென்றது. தான் நேரடியாக வென்ற அணிக்கு டெக்சாஸ் வழிவிட வேண்டியதாயிற்று.

கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாகப் பல ஆட்டங்கள் கைவிடப்பட்ட 2020 இல், வாகையாளர் போட்டிக்குத் தகுதி பெறக் குறைந்தது ஆறு ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் எனப் பிக் டென் விதித்திருந்தது. ஐந்து ஆட்டங்கள் மட்டுமே ஆடிய ஒகையோ மாநிலத்தின் பொருட்டு அந்நிபந்தனை நீக்கப்பட்டது. அவ்வணி வடமேற்குப் பல்கலைக்கழகத்தை 22–10 என வென்றது.

வாகையும் தேசிய வாய்ப்பும்

முதல் நிலையின் உயர் பிரிவில் தேசிய வாகையாளரைத் தீர்மானிக்கும் முறை பலமுறை மாறியுள்ளது. 1998 முதல் 2013 வரையிலான பருவங்களில் பவுல் வாகையாளர் தொடர் என்னும் முறையில், தரவரிசையின் முதல் இரு அணிகள் மோதின. 2014 முதல் நான்கு அணிகள் கொண்ட பிளேஆஃப் எனப்படும் வெளியேற்றுச் சுற்று நடைமுறைக்கு வந்தது. 2024 முதல் அது 12 அணிகளுக்கு விரிவாக்கப்பட்டது. இம்முறைகளின் மாற்றத்திற்கேற்பக் கூட்டமைப்பு வாகையாளர் போட்டியின் பொருளும் மாறியது.

தோல்வியால் வாய்ப்பிழந்த அணிகள்

1996 டிசம்பர் 7 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த முதலாவது பிக் 12 போட்டியில், முந்தைய இரு ஆண்டுகளின் தேசிய வாகையாளரான நெப்ராஸ்காவை, அதற்கு முன் நான்கு ஆட்டங்களில் தோற்றிருந்த டெக்சாஸ் எதிர்கொண்டது. ஆட்டத்தின் இறுதியில் டெக்சாஸ் 30–27 என முன்னிலையில் இருந்தது. தன் 28 ஆவது கெசக் கோட்டருகே, நான்காம் முயற்சியில் சில அங்குலங்களே தேவைப்பட்ட நிலையில், பந்தை உதைத்து எதிரணியிடம் விடுவதே வழக்கமான முடிவாக இருந்திருக்கும். டெக்சாஸ் அவ்வாறு செய்யவில்லை. குவாட்டர்பேக் ஜேம்ஸ் பிரவுன் ஓடுவதுபோல் இடப்புறம் சென்று டெரெக் லூயிசுக்குப் பந்தை எறிந்தார். அது 61 கெச முன்னேற்றத்தைத் தந்தது. டெக்சாஸ் 37–27 என வென்றது. நெப்ராஸ்காவின் தோல்வியால் திறந்த இடத்தில், தென்கிழக்கு வாகையாளரான புளோரிடா சுகர் பவுலுக்குச் சென்று, புளோரிடா மாநிலத்தை 52–20 என வென்று தேசிய வாகையாளராகியது. ஒரு கூட்டமைப்பின் போட்டி வேறொரு கூட்டமைப்பின் அணிக்கு வழி திறந்ததற்கு இது எடுத்துக்காட்டாகும்.

1998 இல் தோல்வி காணாத கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம், இறுதிக் கால் பகுதியில் 27–12 என முன்னிலை பெற்றிருந்தும், டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திடம் இரண்டாம் கூடுதல் நேரத்தில் 36–33 எனத் தோற்றது. 2001 இல் தரவரிசையில் இரண்டாம் இடத்திலிருந்த டென்னசி, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்திடம் 31–20 எனத் தோற்றுத் தேசிய வாகை ஆட்டத்தை இழந்தது.

தோல்வியுற்றும் வாய்ப்புப் பெற்ற அணிகள்

2003 பிக் 12 போட்டியில் முதலிடத்திலிருந்த ஒக்லகோமாவைக் கன்சாஸ் மாநிலம் 35–7 எனத் தோற்கடித்தது. ஆயினும் கணினிக் கணக்கீடுகளும் சேர்ந்த தரவரிசையில் ஒக்லகோமா முன்னிலையிலேயே நீடித்து, தேசிய வாகை ஆட்டத்தில் ஆடியது. தன் கூட்டமைப்பிலேயே வாகை பெறாத அணி நாட்டின் வாகைக்கு ஆடலாமா என்னும் வினா அப்போது பெரிதும் விவாதிக்கப்பட்டது. அவ்வாட்டத்தில் லூசியானா மாநிலம் 21–14 என வென்றது.

2011 இல் லூசியானா மாநிலம் பருவ ஆட்டத்தில் அலபாமாவை 9–6 என வென்றது; பின்னர் வாகையாளர் போட்டியில் ஜார்ஜியாவை 42–10 என வென்றது. அப்போட்டியில் ஆடத் தகுதி பெறாத அலபாமா, தரவரிசையின் அடிப்படையில் தேசிய வாகை ஆட்டத்திற்குத் தெரிவாகி, லூசியானா மாநிலத்தை 21–0 என வென்றது. 2017 பருவத்திலும் அலபாமா கூட்டமைப்புப் போட்டியில் இடம்பெறாமலேயே தேசிய வாகையாளராகியது.

வென்றும் வாய்ப்பிழந்த அணி

2023 இல் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அனைத்து ஆட்டங்களிலும் வென்றது. அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பின் வாகையாளர் போட்டியில் லூயிவில்லை 16–6 எனத் தோற்கடித்து, 13 வெற்றிகளுடன் பருவத்தை முடித்தது. அதன் முதன்மைக் குவாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் நவம்பரில் காயமுற்று விலகியிருந்தார். பிளேஆஃப் தேர்வுக் குழு, ஒரு தோல்வியைக் கண்டிருந்தும் ஜார்ஜியாவை 27–24 என வென்று தென்கிழக்கு வாகையாளராகிய அலபாமாவைத் தெரிவு செய்து, புளோரிடா மாநிலத்தை ஐந்தாம் இடத்தில் நிறுத்தியது. பெரிய கூட்டமைப்பொன்றின் தோல்வியறியா வாகையாளர் நான்கு அணிப் பிளேஆஃபிலிருந்து விலக்கப்பட்டது இதுவே முதன்முறை. களத்தில் பெற்ற முடிவைக் காட்டிலும் இனி எவ்வாறு ஆடும் என்னும் மதிப்பீடு மேலோங்கியதாக இம்முடிவு கண்டிக்கப்பட்டது.

போட்டி இல்லாமையும் விதித் தளர்வும்

நெப்ராஸ்காவும் கொலராடோவும் 2011 இல் வெளியேறியதால் பிக் 12 கூட்டமைப்பில் உறுப்பினர் எண்ணிக்கை 10 ஆகக் குறைந்தது. எனவே 2011 முதல் 2016 வரை அது வாகையாளர் போட்டியை நடத்த இயலவில்லை. 2014 இல் பெய்லர், டெக்சாஸ் கிறித்தவப் பல்கலைக்கழகம் ஆகிய இரண்டும் கூட்டு வாகையாளராக அறிவிக்கப்பட்டன. அதே நாளில் பிக் டென் போட்டியில் ஒகையோ மாநிலம், மூன்றாம் நிலைக் குவாட்டர்பேக் கார்டேல் ஜோன்சைக் கொண்டு விஸ்கான்சினை 59–0 என வென்றது. முதலாவது பிளேஆஃபின் நான்காம் இடம் ஒகையோ மாநிலத்திற்குக் கிடைத்தது. பிக் 12 அணிகள் இரண்டும் விலக்கப்பட்டன. ஒகையோ மாநிலம் அவ்வாண்டின் தேசிய வாகையையும் வென்றது.

இதன் பின்னர், எல்லா அணிகளும் ஒன்றோடொன்று ஆடும் கூட்டமைப்புகள் 12 உறுப்பினர்கள் இல்லாவிடினும் போட்டியை நடத்தலாம் என 2016 இல் விதி தளர்த்தப்பட்டது. 2017 இல் பிக் 12 போட்டி மீண்டும் தொடங்கியது. 2022 இல் பிரிவுகள் தொடர்பான நிபந்தனை முற்றிலும் நீக்கப்பட்டது. அதனைப் பயன்படுத்திப் பசிபிக் 12 அவ்வாண்டிலும், அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பு 2023 இலும், தென்கிழக்கு, பிக் டென் ஆகியன 2024 இலும் பிரிவு முறையைக் கைவிட்டு, பட்டியலில் முதல் இரு இடங்களைப் பெறும் அணிகளை மோதவிடும் முறைக்கு மாறின.

பசிபிக் 12 கூட்டமைப்பின் 12 உறுப்பினர்களுள் பத்துப் பேர் 2024 இல் வெளியேறினர். அவ்வமைப்பு அதற்கு முன் கடைசியாக நடத்திய வாகையாளர் போட்டியில், 2023 டிசம்பர் 1 அன்று, வாசிங்டன் 34–31 என ஒரிகனை வென்றது.

நடைபெறும் இடங்களும் வருவாயும்

பெரிய கூட்டமைப்புகள் இப்போட்டியை எவ்வணிக்கும் சொந்தமல்லாத பொது அரங்கில் நடத்துகின்றன. பிக் டென் இண்டியானாபொலிசிலும், பிக் 12 டெக்சாசின் ஆர்லிங்டனிலும், அட்லாண்டிக் கரையோரக் கூட்டமைப்பு பெரும்பாலும் வட கரோலினாவின் சார்லட்டிலும் நடத்துகின்றன. திருநர்களின் கழிப்பறைப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்திய வட கரோலினாச் சட்டத்தை எதிர்த்து, 2016 ஆம் ஆண்டின் போட்டி ஓர்லாண்டோவிற்கு மாற்றப்பட்டது. சிறிய கூட்டமைப்புகள் பல, முன்னிலை பெற்ற அணியின் சொந்த அரங்கிலேயே நடத்துகின்றன. இது பயணச் செலவைக் குறைத்து, அரங்கம் நிரம்புவதற்கும் உதவுகின்றது.

நுழைவுச் சீட்டு, விளம்பரம், தொலைக்காட்சி உரிமம் ஆகியவற்றால் கிடைக்கும் வருவாய் கூட்டமைப்பின் உறுப்பினர்களுக்குப் பகிரப்படுகின்றது. எனவே போட்டியில் ஆடாத பல்கலைக்கழகமும் அதனால் பயனடைகின்றது. உறுப்பினர்கள் போட்டியை ஆதரிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

விரிவாக்கப்பட்ட பிளேஆஃபும் போட்டியின் நிலையும்

2024 இல் தொடங்கிய 12 அணிப் பிளேஆஃபில், தரவரிசையில் முன்னிற்கும் ஐந்து கூட்டமைப்பு வாகையாளர்களுக்கு இடம் உறுதி செய்யப்பட்டது. முதல் நான்கு வாகையாளர்கள் முதற்சுற்றில் ஆடாமல் நேரடியாகக் காலிறுதிக்குச் சென்றனர். அவ்வாண்டு அவ்வாறு சென்ற ஒரிகன், ஜார்ஜியா, பாய்சி மாநிலம், அரிசோனா மாநிலம் ஆகிய நான்கும் காலிறுதியிலேயே தோற்றன. கூட்டமைப்பு வாகையாளர் போட்டியில் ஆடாத ஒகையோ மாநிலம் தேசிய வாகையை வென்றது. அட்லாண்டிக் கரையோரப் போட்டியில் கிளெம்சனிடம் 34–31 எனத் தோற்ற தெற்கு மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்திற்கும் பிளேஆஃபில் இடம் கிடைத்தது.

2025 இல் வாகையாளர்களுக்கான நேரடிக் காலிறுதிச் சலுகை நீக்கப்பட்டு, தரவரிசையின் முதல் நான்கு அணிகளுக்கு அது வழங்கப்பட்டது. அவ்வாண்டு அட்லாண்டிக் கரையோரப் போட்டியில் வர்ஜீனியாவைக் கூடுதல் நேரத்தில் 27–20 என வென்ற டியூக், ஐந்து தோல்விகளைக் கண்டிருந்ததால் முதல் ஐந்து வாகையாளர்களுள் அடங்காமல் பிளேஆஃபிற்கு வெளியே நின்றது. அதே பருவத்தில் பிக் டென் போட்டியில் ஒகையோ மாநிலத்தை 13–10 என வென்ற இந்தியானா, தேசிய வாகையையும் வென்றது. அப்பிக் டென் ஆட்டத்தில் தோற்ற ஒகையோ மாநிலமும் பிளேஆஃபில் இடம்பெற்றது.

இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளுடன் ஒப்பீடு

இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான விளையாட்டுகளை, 1925 இல் தோன்றிய இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஒருங்கிணைக்கின்றது. இங்குக் கூட்டமைப்பிற்கு ஒப்பானது மண்டலம் ஆகும். எடுத்துக்காட்டாக, பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னம் வட்டத்திலோ அரியலூர் மாவட்டத்திலோ உள்ள கலை அறிவியல் கல்லூரியின் மாணவர், முதலில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிகளில் ஆடுகின்றார். அங்குத் தெரிவானால் பல்கலைக்கழக அணியில் இடம்பெற்று, தென் மண்டலப் போட்டிக்குச் செல்கின்றார்.

இரு முறைகளுக்கும் இடையே அடிப்படை வேறுபாடுகள் உள்ளன. மண்டலம் என்பது புவியியலால் அமைவது. ஒரு பல்கலைக்கழகம் வருவாய்க்காக அதிலிருந்து வேறொன்றிற்கு மாறுவதில்லை. மேலும், மண்டலப் போட்டியில் பொதுவாக முதல் நான்கு இடங்களைப் பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குத் தகுதி பெறுகின்றன. எனவே மண்டல இறுதியில் தோற்ற அணியும் தன் வாய்ப்பை இழப்பதில்லை. அடுத்த நிலைக்குச் செல்வது களத்தில் பெற்ற இடத்தாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. அமெரிக்க முறையில் பருவ ஆட்டங்கள் அனைத்தும் முடிந்த பின்னரும், தேர்வுக் குழுவின் மதிப்பீடு எஞ்சி நிற்கின்றது.

மதிப்பீடு

வாகையாளர் போட்டியை ஆதரிப்போர், வாகை களத்தில் தீர்மானிக்கப்படுவதையும், பருவத்தில் பின்தங்கிய அணிக்கும் ஓர் இறுதி வாய்ப்புக் கிடைப்பதையும் எடுத்துக்காட்டுவர். 1996 இன் டெக்சாஸ் அதற்குச் சான்று. எதிர்ப்போர், ஏற்கனவே நீண்ட பருவத்தை ஆடிய மாணவ வீரர்களுக்கு மேலும் ஒரு கடுமையான ஆட்டம் காய ஆபத்தைக் கூட்டுவதையும், போட்டிக்குத் தகுதி பெறாத அணி ஓய்வெடுத்தபடியே தன் இடத்தைக் காத்துக்கொள்வதையும் சுட்டிக்காட்டுவர். பிளேஆஃப் மேலும் விரிவாக்கப்பட்டால் இப்போட்டிகள் தேவையா என்னும் கேள்வி, கூட்டமைப்புகளின் ஆணையர்களிடையேயே எழுந்துள்ளது.

1973 இல் மிச்சிகனுக்கு நேர்ந்தது போன்ற நிலையைத் தவிர்க்க இப்போட்டி உதவியது உண்மையே. கூட்டமைப்பின் வாகையாளரை இன்று எந்த வாக்கெடுப்பும் மாற்றுவதில்லை. ஆனால் அவ்வாகைக்குக் கூட்டமைப்பிற்கு வெளியே எவ்வளவு மதிப்பு என்பது, 2023 இன் புளோரிடா மாநிலமும் 2025 இன் டியூக்கும் காட்டுவதுபோல், அவ்வக்காலத் தேசியத் தெரிவு முறையையே சார்ந்துள்ளது.